பதிவு செய்த ஞாயிறு

முதலில் காலடிகள் கேட்கும். பிறகு யாரோ இருமுவது. பிறகு ஒன்றுமே இல்லாத ஓர் இடைவெளி, அதற்கப்புறம்தான் அந்தச் சத்தம்: தகரக் குவளைக்குள் ஒரு சின்ன உருண்டை விழுந்து, விளிம்பில் அரைச் சுற்றுச் சுற்றி, அடங்குவது. எனக்கு ஒன்பது வயது, தம்பி அருமைநாயகத்துக்கு ஐந்து. குன்னூரில் ஒரு கிளப்பில் அப்பா எழுத்தர். எங்களுக்குக் கொடுத்திருந்த வீடு கோல்ஃப் மைதானத்தின் ஏழாவது குழிக்குக் கீழே, வேலிக்கு இந்தப் பக்கம். விடிகாலை மூட்டத்தில் ஆடுகிறவர்கள் யாரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாயகம் மூச்சை அடக்கிக் காத்திருப்பான். சத்தம் கேட்டதும், "விழுந்துருச்சுக்கா" என்று என் காதில் சொல்வான். கேட்காவிட்டால் இடைவெளி நீண்டுகொண்டே போகும். யாரோ ஒரு துரை கெட்ட வார்த்தை சொல்வார், அதையும் அவன் திருப்பிச் சொல்லிப் பார்ப்பான், நான் வாயைப் பொத்துவேன். எச்சிலும் சிரிப்புமாக என் உள்ளங்கை ஈரமாகும். அந்த ஈரம் எழுபத்துநாலு வயதில் இப்போது ஏன் கையில் வருகிறது, துடைத்துக்கொண்டாலும் போகவில்லை, ரிமோட்டைப் பிடித்திருப்பதால் வந்த வியர்வையாக இருக்கும், இந்தக் குளிரிலா, குளிரிலும் வியர்க்கும், பயத்துக்குக் குளிர் தெரியாது.

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பது. தொலைக்காட்சியில் அமெரிக்காவில் நேற்றைய வெயில். இரண்டு வருடத்துக்கொருமுறை ஐரோப்பாவிலிருந்து பன்னிரண்டு பேரும் அமெரிக்காவிலிருந்து பன்னிரண்டு பேரும் மூன்று நாள் மோதிக்கொள்ளும் போட்டி. கடைசி நாள் ஒருவருக்கொருவர் தனித்தனியாக ஆடுவார்கள், பன்னிரண்டு ஆட்டம். நம் கணக்கில் அது இரவு தொடங்கி அதிகாலை மூன்றுக்கு முடிகிறது, எங்களால் விழித்திருக்க முடியாது, அதனால் செட்டாப் பெட்டியில் பதிவு போட்டுவிட்டுத் தூங்கிவிடுவோம். குன்னூரில் நானும் கோயம்புத்தூரில் அவனும். காலையில் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் ஓட விடுவோம். அதற்கு ஒரு சட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பின் போனை அணைத்துவிட வேண்டும். பேப்பர் பிரிக்கக் கூடாது. யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. கடைசிப் பந்து விழுந்த பிறகுதான் போனைத் திறக்க வேண்டும், முதலில் திறந்தவர் அடுத்தவருக்கு ஒரே ஒரு மணி அடித்துத் துண்டித்துவிட வேண்டும், மற்றவரும் முடித்திருந்தால் திருப்பிக் கூப்பிட வேண்டும். ஒருமுறை பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சுபேதார் சும்மா வாசலில் நின்று குட்மார்னிங் சொன்னார். நாயகம் அன்று இங்கே வந்திருந்தான். உள்ளே வந்து கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கத்தினான்: "அந்தாளு குட்மார்னிங் சொன்ன தினுசுலயே தெரிஞ்சு போச்சுக்கா, அமெரிக்கா ஜெயிச்சிருச்சு! மனுசனா அவன்? இனிமே அவனுக்குக் கிறிஸ்மஸ் கேக் கிடையாது." அமெரிக்காதான் ஜெயித்திருந்தது. கேக் நான் ரகசியமாகக் கொடுத்தனுப்பினேன். நேற்று இரவு எட்டரைக்கு நான் போனை அணைத்தேன். வழக்கம்தான். சட்டம்தான். எனக்கு ஆட்டத்தின் முடிவை அனுப்பக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான் இருக்கிறான், அவன் தொண்டையில் குழாயோடு பதினொரு நாளாகப் படுத்திருக்கிறான். பின் யாருக்காக அணைத்தேன். அதைப் பிறகு யோசிக்கலாம். தபால்காரர் முதல் அடி அடிக்கப் போகிறார்.

தபால்காரர் என்பது நாங்கள் வைத்த பெயர். ஆட்டக்காரர்களின் நிஜப் பெயர்கள் எங்கள் வாயில் நிற்காது, நின்றாலும் எங்களுக்கு அவை பெயர்களாகத் தெரியாது. இவர் ஐரோப்பாக்காரர், நாற்பத்தாறு வயது, தோளில் பை தொங்குவதுபோல் ஒரு பக்கம் சாய்ந்து, வீட்டு எண்ணைத் தேடுகிறவர்போல் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். எதிரே ஆடுகிற அமெரிக்க இளைஞன் கல்யாண மாப்பிள்ளை, சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. "நமக்கென்னடா இதுல, வெள்ளைக்காரனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் சண்டை" என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன். "அதனாலதான்க்கா நல்லாயிருக்கு. நம்ம ஆளு தோத்தா சோறு இறங்காது. இதுல தோத்தா இட்லி சாப்பிடலாம்." பொய். ஐரோப்பா தோற்ற நாளெல்லாம் அவன் இட்லியைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவான், அவன் மனைவி செலினா எனக்குப் போன் போட்டுப் புலம்புவாள், அண்ணி, உங்க தம்பிக்குப் பேய் புடிச்சிருக்கு. செலினா போய் ஆறு வருடம். அவள் உயிரோடு இருந்தால் டாக்டருக்கு அவளே பதில் சொல்லியிருப்பாள், கேள்வி என்னிடம் வந்திருக்காது. என்னிடம் ஏன் வந்தது. சின்ன வயதில் அப்பா கிளப் வாசகசாலையில் கழித்துப்போட்ட இங்கிலாந்துப் பத்திரிகைகளைக் கொண்டுவருவார், மூன்று மாதம் பழையவை, ஓரத்தில் தேநீர்க் கறை. நான் எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். நாயகம் என் கையைப் பிடித்துக்கொள்வான், நான் பக்கத்தைத் திருப்பி முடிவைப் பார்த்துவிடுவேனோ என்று. "பாக்காத. நீ பாத்தா உன் குரல் மாறிரும்." அந்த ஆட்டம் எப்போதோ முடிந்து, ஜெயித்தவன் கோப்பையை வீட்டில் வைத்துத் தூசிகூடப் படிந்திருக்கும். ஆனால் எங்கள் சமையலறையில் அது முடியவில்லை. நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு பத்து நாள் ஓட்டுவோம். உலகத்தில் முடிந்துபோனது நம் வீட்டுக்கு வந்து சேரும்வரை முடியவில்லை என்று நம்ப அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார், நானா, என் குரலா.

ஆட்டத்துக்குப் பதினெட்டுக் குழி, முதலாவது சமன். இரண்டாவதும் சமன். நேற்று மாலை ஆறு மணிக்குப் பெர்சிஸ் கூப்பிட்டாள், நாயகத்தின் ஒரே மகள், முப்பத்திரண்டு வயது, குரல் மட்டும் பத்து வயதுக்குப் போயிருந்தது. "அத்தை, நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர் வர்றார். மூளையில எதுவும் மிச்சமில்லைன்னு சொல்லிட்டாங்க. குழாயை எடுத்துரலாமான்னு கேக்குறாங்க. பெரியவங்களைக் கேட்டுச் சொல்லுங்கன்னாங்க. எனக்கு வேற யாரு இருக்கா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தை, எடுன்னாலும் சரி, வேண்டாம்னாலும் சரி. நானா சொன்னா வாழ்நாள் பூரா அதே காதுல கேட்டுட்டு இருக்கும்." நான் என்ன சொன்னேன். "காலையில சொல்றேம்மா" என்றேன். "பத்துக்குள்ள அத்தை." "பத்துக்குள்ள சொல்றேன்." அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் கல்லூரியில் செய்யுள் சொல்லிக்கொடுத்தவள், ஒரு வரியைப் பத்து விதமாகப் பிரித்துக் காட்டியவள், எடு, வேண்டாம், இரண்டு சொல்லில் ஒன்றை எடுக்க ஒரு இரவு கேட்டேன், கேட்டு வாங்கிக்கொண்டு போனை அணைத்தேன். அவன் எதையும் எழுதி வைக்கவில்லை. சாவைப் பற்றி அவன் பேசியதே இல்லை. சர்ச்சில் கல்லறைக்கு இடம் ஒதுக்கச் சந்தா கேட்டு வந்தவர்களிடம், எனக்கு மழையில படுக்கப் பிடிக்காது, வேற ஆளைப் பாருங்க என்றவன். நானும் அவனும் இத்தனை வருடம் பேசியதெல்லாம் கோல்ஃப். அதற்குள்தான் தேட வேண்டும். அவனுடைய உயில் என்று ஒன்று இருக்குமானால் அது தொலைக்காட்சியைப் பார்த்து அவன் போட்ட சத்தங்களுக்குள்தான் எங்காவது இருக்கும்.

அப்படித் தேடினால் முதலில் கைக்கு வருவது அதுதான், விட்டுக்கொடுப்பது. இந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால், இனி தவறாது என்று எதிராளி நினைத்தால், போதும், எடுத்துக்கொள் என்று கையைக் காட்டிவிடுவான். அடிக்காமலேயே அது விழுந்ததாகக் கணக்கு. மற்றப் போட்டிகளில் இது கிடையாது, ஒரு விரல்கடை தூரத்தில் இருந்தாலும் அடித்துத்தான் ஆக வேண்டும். எனக்கு அந்தக் கையசைப்பு மிகவும் பிடிக்கும். சண்டைக்கு நடுவில் ஒரு மரியாதை. நாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். "என்னக்கா மரியாதை? ரெண்டு அடி தூரம்தான, அடிச்சுக் காட்டட்டும். எத்தனை பேரு ரெண்டு அடியில விட்டிருக்கான்! விழுற வரைக்கும் விழலைதான?" விழுகிற வரைக்கும் விழவில்லை. இதோ, இதுதான், கிடைத்துவிட்டது, குழாயை எடுக்காதே என்கிறான், கடைசிவரை அடிக்க விடு என்கிறான். இதைச் சொல்லிவிடலாம். எழுந்து போய் அலமாரியைத் திறந்து போனை எடுத்து. ஆனால் உடனே அந்த இன்னொரு நாள் வந்து நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன், இதே தபால்காரர், கையில் அப்போதுதான் அந்த நடுக்கம் தொடங்கியிருந்தது, முழங்கால் அளவு தூரம்கூட இல்லை, எதிராளி கையைக் காட்டாமல் தள்ளி நின்று பார்த்தான். தபால்காரர் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். பந்து குழியின் ஓரத்தைத் தொட்டு வெளியே போனது. எல்லாம் முடிந்து நாயகம் போனில் கூப்பிட்டான். "விட்டுருக்கலாம்க்கா அந்த ஆளை" என்றான். "கை நடுங்கறது தெரியுதுல்ல. எத்தனை பேர் முன்னாடி. விட்டுருக்கலாம்." அந்தக் குரல் எனக்குப் புதிது. அறுபத்தெட்டு வயதில் அவனுக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டு சாட்சி, இரண்டும் அவனே, ஒன்றையொன்று மறுக்கிறது. எதைக் கேட்பது. முதலாவது நாற்பது வருடம் சொன்னது. இரண்டாவது கடைசியாகச் சொன்னது. நான் எந்தப் பக்கமும் பேசாமல் பரீட்சைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மணியடிக்கக் காத்திருக்கிற மக்கு மாணவி.

எட்டு மணிக்கு ரோஜாம்மாள் வந்தாள். இருபது வருடமாக இந்த வீட்டைப் பெருக்குகிறவள், கதவைத் தட்டுவதில்லை. ஈரக் குடையை வெளியில் சாய்த்துவிட்டு என்னையும் தொலைக்காட்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். "தம்பி எப்படிம்மா இருக்காரு?" "அப்படியேதான்." "பாப்பா போன் பண்ணுச்சா?" "பண்ணலை." "பண்ணலையா, நீங்க அணைச்சு வச்சிருக்கீங்களா?" நான் திரையைப் பார்த்தேன். கல்யாண மாப்பிள்ளை நாலாவது குழியை எடுத்துக்கொண்டான். "அம்மா, வெள்ளக்காரன் புல்லுல நடக்குறது எங்கயும் ஓடிப் போயிராது. நேத்து நடந்ததுதான, நாளைக்கும் அப்படியேதான் இருக்கும். அந்தப் போனைப் போடுங்க." "முடிஞ்சதும் போடறேன்." "எது முடிஞ்சதும்?" அவள் அதை ஒன்றும் நினைத்துக் கேட்கவில்லை, விளக்குமாற்றைத் தேடிக்கொண்டே கேட்டாள். நான் ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினேன். "என் மாமியா சாகக் கெடந்தப்ப நானும் இப்படித்தான் துணி துவைக்கப் போயிட்டேன்" என்றாள் ரோஜாம்மாள். "மூணு வாளித் துணி. அழுக்கே இல்லாத துணி." "போயிட்டாங்களா?" "இல்ல, அப்புறம் ஒம்போது வருசம் இருந்து என் உசுர எடுத்துச்சு" என்று சொல்லிப் பல்லைக் காட்டிவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். ஒன்பது வருடம். அப்படியும் நடக்கிறது. ஒருவேளை இப்போதே அங்கே கண்ணைத் திறந்திருப்பானோ, பெர்சிஸ் அதைச் சொல்லத்தான் அடித்துக்கொண்டிருக்கிறாளோ, அப்படியானால் ஓடிப்போய்த் திறக்க வேண்டியதுதானே, ஏன் கால் எழவில்லை. திறந்தால் இரண்டில் ஒன்று இருக்கும். திறக்காதவரை இரண்டும் இருக்கின்றன.

பத்தாவது குழி முடிந்ததும் திறப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். முடிந்தது. தபால்காரர் ஒன்று பின்தங்கியிருந்தார், இந்த நிலையில் எப்படி எழுவது, அவர் சமன் செய்ததும். சமன் செய்தார். பன்னிரண்டாவது குழியில் முப்பது அடி தூரத்திலிருந்து, கை நடுங்க நடுங்க, பந்து புல்லின் சரிவில் வளைந்து வளைந்து வந்து விழுந்தது, கூட்டம் எழுந்தது, நானும் எழுந்துவிட்டேன், வாய் தானாக "டேய் நாயகம்" என்றது. வெறும் கூடம். நாற்காலியின் கையில் பூனை மயிர். பூனையும் செத்து இரண்டு வருடம். நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கேட்க ஆளில்லை. அவன் போய்விடுவான் என்பதல்ல எனக்கு முதலில் வந்த பயம். பதினொரு நாளைக்கு முன் பெர்சிஸ் அழுதுகொண்டே அப்பா விழுந்துட்டாங்க அத்தை என்றபோது எனக்கு முதலில் தோன்றியது, இனி யாரோடு பார்ப்பேன் என்பது. எனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் கல்லறையில், மீதிப்பேர் கனடாவில். இருபத்துநாலு வெள்ளைக்காரர்களுக்கு வைத்த பெயர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். தபால்காரர் என்றால் யார் என்று தெரிந்த கடைசி ஆள் நானாகிவிடுவேன். தம்பி சாகக் கிடக்கும்போது இப்படி நினைக்கிற ஒரு மனம், அதை வைத்துக்கொண்டு எப்படி ஒரு மகளுக்கு எடு என்றோ வேண்டாம் என்றோ சொல்வது. எடுக்காதே என்றால் எனக்காகச் சொன்னதாகும். எடு என்றால், அதுவும் எனக்காகத்தான், இந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாமல். அப்பா இருந்தால் மண்டியிட்டு ஜெபம் பண்ணு என்பார். கண்ணை மூடினால் ஆண்டவர் வருவதில்லை, அந்தக் குழாய்தான் வருகிறது, போன செவ்வாய்க்கிழமை பார்த்தது, உதட்டோரத்தில் பிளாஸ்திரி ஒட்டி, இயந்திரம் ஒரு மூச்சு விட, அவன் மார்பு அதற்குப் பதில் சொல்ல. சீரான தாளம். தாளம் எனக்குத் தெரியும், அதைக் கேட்டே சோறு தின்றவள். அதில் அவன் இல்லை. அவன் மூச்சு ஒருநாளும் அப்படிச் சீராக இருந்ததில்லை, பாதியில் நின்று அடுத்ததை விழுங்கிக்கொண்டு ஓடும். நான் அவன் காதில் குனிந்து என்னவோ சொன்னேன். இன்னும் ஐந்து நாள்தான்டா, கடைசி நாள் ஆட்டம் வருகிறது என்று சொன்னேன். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை.

கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கிறேன், ஆனால் அது என் இடது பக்கச் சுவரில்தான் இருக்கிறது, பார்க்காமலே தெரிகிறது. பத்துக்கு ஐந்து. இப்போது பெர்சிஸ் அந்த நீல நாற்காலி வரிசையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருப்பாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் அவளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லும். அந்தக் குரலுக்கு எந்தக் கவலையும் கிடையாது. பதினேழாவது குழி. சமன். பத்து. தபால்காரர் பந்தை வைக்கிறார். எழுந்திரு சுகிர்தம். வகுப்பில் தூங்குகிற பெண்ணை எழுப்புவதுபோல் என் பெயரை நானே சொல்லிப் பார்க்கிறேன். எழுந்திரு. பத்து ஐந்து. டாக்டர் தாமதமாக வருவார், எந்த டாக்டர் நேரத்துக்கு வந்திருக்கிறார், போன செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு வந்தார். பத்துப் பத்து. ரோஜாம்மாள் கதவோரம் வந்து நின்றாள். கையில் ஈரத்துணி. ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எழுந்திருப்பேன், யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எழுந்துவிடுவேன் என்று தோன்றியது, ஒரு வார்த்தைக்காக ஒருத்தி அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பது அதற்குப் பின்புதான் தோன்றியது, அப்போதும் எழவில்லை. கடைசிக் குழியில் தபால்காரரின் பந்து நாலு அடி தள்ளி நின்றது. கல்யாண மாப்பிள்ளை நெடுநேரம் பார்த்தான். கையைக் காட்டவில்லை. தபால்காரர் அடித்தார், விழுந்தது, இருவரும் தொப்பியைக் கழற்றிக் கைகுலுக்கினார்கள், இந்த ஆட்டம் சமனில் முடிந்தது. திறக்கலாம். ஆனால் இன்னும் ஏழு ஆட்டம் பாக்கி இருந்தது, கோப்பை யாருக்கென்று இன்னும் தெரியவில்லை, சட்டம் கடைசிப் பந்துவரை. நான் உட்கார்ந்தே இருந்தேன். அந்த ஏழு ஆட்டத்தில் ஒரு அடிகூட எனக்கு நினைவில்லை. அமெரிக்கா ஜெயித்தது.

பன்னிரண்டு மணி ஆக இருபது நிமிடம் இருக்கும்போது போனைத் திறந்தேன். பதினான்கு அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டதும் முதல் மணியிலேயே பெர்சிஸ் எடுத்தாள். "அத்தை, நான் சரின்னு சொல்லிட்டேன்." அழவில்லை. பத்து வயதுக் குரல் போய்விட்டிருந்தது. "எப்பம்மா?" "பத்தே காலுக்கு எடுத்தாங்க. உடனே முடிஞ்சிரும்னாங்க. முடியலை. அப்பா தானா மூச்சு விடறாரு அத்தை. விட்டு விட்டு. கை சூடா இருக்கு. நீங்க வந்துருங்க." நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். "உங்க போன் ஏன் அத்தை..." "சார்ஜ் போயிருச்சும்மா" என்றேன். அவளுக்கு அந்தச் சட்டம் தெரியும், அந்த வீட்டில் வளர்ந்தவள். "சரி அத்தை" என்றாள். "வாங்க."

ரோஜாம்மாளின் மருமகன் டாக்சி கொண்டுவரும்போது பன்னிரண்டே முக்கால். மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது, பர்லியாறில் லாரிகள் வரிசையாக நின்றன. குழாய் எடுத்த பின் அருமைநாயகம் மூன்று மணி நேரம் பத்து நிமிடம் தானாக மூச்சு விட்டான். ஒன்று இருபத்தைந்துக்கு இறந்தான். பக்கத்தில் பெர்சிஸ் மட்டும் இருந்தாள்.